கீழ்க்கரையில் யாரும் இல்லை

ஜூன் 4
மேல்கரை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். குறையவில்லை என்றால் அதையும் எழுது. அத்தானை விசாரித்ததாகச் சொல்.

ஒரு செய்தி. என்னை ஒரு குழுவில் போட்டிருக்கிறார்கள். 'ஏரி நீர்த் தர மேம்பாடு மற்றும் மழைநீர் மேலாண்மைத் திட்டக் குழு' என்பது அதன் முழுப் பெயர். முதல் கூட்டம் முழுக்க இந்தப் பெயரிலேயே கழிந்தது. 'பாதுகாப்பு' என்று வைத்தால் ஏரி இப்போது நன்றாக இருப்பதாக ஆகிவிடும் என்றார் ஒருவர். 'மேம்பாடு' என்று வைத்தால் இதுவரை கெட விட்டதாக ஆகிவிடுமே என்றார் இன்னொருவர். டீ வந்தது. டீக்குப் பிறகு மேம்பாடு ஜெயித்தது.

தலைவர் ஓய்வுபெற்ற கண் டாக்டர். எங்களையெல்லாம் கரைக்கு அழைத்துப் போனார். தண்ணீர் மேல் படர்ந்திருந்த பச்சைப் பாசியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "புரை விழுந்திருக்கு" என்றார். நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருஷமாக நான் பாட்டில் பாட்டிலாக நிரப்பி எழுதிக் கொடுத்த அறிக்கைகளின் சாரம் அதுதான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு விஷயத்தையும் எடுக்கும் முன் மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கேட்பார்: "இதுல சம்பந்தப்பட்ட இடத்துல உங்களுக்கு யாராவது வேண்டியவங்க இருக்காங்களா?" இருக்கிறார்கள் என்று சொன்னால் அந்த விஷயம் முடியும்வரை வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். படகுத்துறையை ஏலம் எடுத்தவரின் மைத்துனர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். ஏரியில் எதைப் பேசினாலும் அதில் படகு வந்துவிடுகிறது. மனிதர் பாதி நேரம் வெளியேதான். 'வராந்தா உறுப்பினர்' என்று பெயரே வந்துவிட்டது.

என் முறையும் வந்தது, போயிற்று. நான் உள்ளேதான் இருக்கிறேன். உங்கள் தெருவுக்காக யாராவது ஒருவர் உள்ளே இருக்க வேண்டும் அல்லவா?

பாசம் மாறாத,
தம்பி

*

ஜூன் 11
கீழ்க்கரை

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்ட பிறகு கொஞ்சம் கூடியிருக்கிறது.

ஏரிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். உன் மாடியில் துணி காய்வது என் கடை வாசலிலிருந்து தெரிகிறது. ஆனால் தபால் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு வருகிறது. இருந்தாலும் போனைவிட இதுவே மேல். போனில் நான் ஒன்று சொன்னால் நீ 'ம்' என்பாய். என்ன கேட்டாலும் 'ம்'. கடிதத்தில் அந்த வேலை நடக்காது.

நீ குழுவில் இருப்பதை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். மெத்தைக்குள் பஞ்சு திணித்துக்கொண்டே கேட்டார். "நம்ம மச்சான் வாயைத் திறந்து பேசி நான் பார்த்ததே இல்லையே. அங்கே போய் என்ன பண்ணப் போறான்?" என்றார். நான் விடவில்லை. உள்ளே ஆள் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி என்றேன்.

அடுத்த மாதம் ஜனங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கப் போகிறார்களாமே. தெருவில் எல்லோரும் கடையைச் சாத்திவிட்டுப் போவதாக இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பூட்டுக்காரர் பேசுவதற்கு ஒத்திகையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன், "எதுக்கு எல்லாரும் ஒருநாள் பொழைப்பைக் கெடுத்துக்கறீங்க? என் தம்பி உள்ள இருக்கான், அவன் பார்த்துப்பான்." அன்றிலிருந்து தெருவில் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. டெய்லர் பெண் எனக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறாள்.

நான் சொன்னது சரிதானே? இல்லை என்றால் உடனே எழுது, போகச் சொல்லிவிடுகிறேன்.

உன் அக்கா

*

ஜூன் 20
மேல்கரை

அன்புள்ள அக்காவுக்கு,

நாற்காலி விஷயம் கேட்டு மகிழ்ச்சி.

திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏரியைக் கெடுப்பது மழை. மழை என்றால் எல்லா மழையும் அல்ல, முதலில் கொட்டும் மழை. வெயில் காலம் முழுக்க ரோட்டில் சிந்திய எண்ணெய், புழுதி, குப்பை எல்லாவற்றையும் அதுதான் அலசிக்கொண்டு வடிகால் வழியாக ஏரிக்குள் வருகிறது. அடுத்தடுத்து வரும் மழை அவ்வளவு மோசமில்லை. ஆகவே முதல் தண்ணீரை மட்டும் ஏரிக்குள் விடாமல் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் பாசி போய்விடும், மீன் செத்து மிதக்காது. இதை நான் வெகுகாலமாகச் சொல்லி வருகிறேன். அறிக்கையில் எட்டாம் பக்கத்தில் இருக்கும். எட்டாம் பக்கம் வரை இப்போதுதான் ஒருவர் படித்திருக்கிறார்.

வடிகால் ஏரியில் சேரும் இடத்தில் ஒரு பழைய இரும்பு மதகு இருக்கிறது. அதை மூடினால் தண்ணீர் பக்கத்து ஓடையில் திரும்பும். எண்ணெய் போட்டால் போதும், மூடும். செலவில்லாத திட்டம் என்றதும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

அந்த ஓடை உங்கள் தெருவின் பின்பக்கமாகப் போகிறது. வரைபடத்தில் நல்ல அகலமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் யாரும் சிரமப்பட்டு வரத் தேவையில்லை. நான் எடுத்துச் சொல்கிறேன்.

பாசம் மாறாத,
தம்பி

*

ஜூன் 28
கீழ்க்கரை

அன்புத் தம்பிக்கு,

வரைபடத்தில் இருக்கும் ஓடையை எனக்கும் காட்டு, பார்க்க ஆசையாக இருக்கிறது. இங்கே இருக்கும் ஓடையில் பாதிக்கு மேல் மண். மீதியில் செடி. யாரோ போட்ட குளியல் தொட்டி ஒன்று கிடக்கிறது, அதில் ஒரு நாய் குடும்பம் நடத்துகிறது. மூணாம் வருஷம் கொஞ்சம் நல்ல மழை பெய்தபோது தண்ணீர் பின்வாசல் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஊர்த் தண்ணீர் மொத்தமும் அதில் வந்தால் எட்டிப் பார்ப்பதோடு நிற்குமா?

நான் ஏரி நாசமாகப் போகட்டும் என்று சொல்லவில்லை. அந்த நாற்றத்தைத் தினமும் மோப்பது நாங்களும்தான். ஆனால் எங்களுடையது பஞ்சு வியாபாரம். பஞ்சு நனைந்தால் அது பஞ்சு இல்லை. காய வைத்தாலும் கட்டி கட்டியாக நின்றுவிடும், எவன் முதுகுக்கும் ஆகாது.

நீ ஒன்றும் பெரிதாகப் பேச வேண்டாம். 'முதலில் ஓடையைத் தூர்வாருங்கள், பிறகு மதகை மூடுங்கள்.' இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும்.

உன் அக்கா

*

ஜூலை 16
மேல்கரை

அன்புள்ள அக்காவுக்கு,

கருத்துக் கேட்புக் கூட்டம் நல்லபடியாக நடந்தது. மேல்கரையிலிருந்து நல்ல கூட்டம். காலை நடைப்பயிற்சிக்காரர்கள் ஒரே மாதிரித் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஏரிக்கரையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பதால் மூச்சுப் பயிற்சி கெடுகிறது என்று ஒரு பெரியவர் மிக நன்றாகப் பேசினார். மைக் இரண்டு தடவை நின்றது. பிஸ்கட் நமுத்திருந்தது. டாக்டருக்கு ஜலதோஷம்.

திட்டம் பற்றிய முடிவும் அன்றே எடுக்கப்பட்டது. சோதனை அடிப்படையில்தான். முதல் மழைக்கு மட்டும் மூடிப் பார்ப்பார்கள். கீழ்க்கரையிலிருந்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்பதைக் குழு கவனத்தில் எடுத்துக்கொண்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மழைக்காலம் வருகிறது. பொதுவான ஜாக்கிரதையாகச் சொல்கிறேன், பஞ்சு மூட்டைகளைக் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்துக்கொள்வது எப்போதும் நல்லது.

அத்தானுக்கு ஒரு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

பாசம் மாறாத,
தம்பி

*

ஜூலை 27
கீழ்க்கரை

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிஸ்கட் நமுத்தது வரை இருக்கிறது, நீ என்ன பேசினாய் என்பது இல்லை. 'ஏகமனதாக' என்றால் எல்லோரும் சேர்ந்து என்று எனக்குத் தெரியும். நான் அத்தானிடம் அந்த வரியை வாசிக்காமல் தாண்டிவிட்டேன்.

நேற்று ஒருவர் தலையணை வாங்க வந்தார். கழுத்து வலியாம், கட்டியாக வேண்டும் என்றார்.

"வராந்தா பெஞ்சுல உக்காந்து உக்காந்து கழுத்தே போச்சும்மா" என்றார்.

"எந்த ஆபீஸ் வராந்தா?" என்றேன்.

"ஏரி கமிட்டி."

அத்தான் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "அடடே, நம்ம மச்சான் கமிட்டி! பாட்டில் பாட்டிலா தண்ணி எடுத்துக்கிட்டுத் திரிவானே, அவன்தான். இவ தம்பி. உட்காருங்க, டீ சாப்பிடுங்க."

அவர் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார். "பாட்டில் சாரா? உங்க தம்பியா? கூடப் பிறந்தவரா? கீழ்க்கரையில எனக்கு யாரும் இல்லைன்னாரே! டாக்டர் வரிசையா கேட்டப்ப நான் அவருக்கு அடுத்த நாற்காலி. அவரு இல்லைன்னாரு, நான் இருக்காங்கன்னேன். என்னை வெளிய அனுப்பிட்டாங்க. அப்புறம் எல்லாரும் கை தூக்குனப்ப அவரும் தூக்கினாரு, கண்ணாடிக் கதவு வழியா பார்த்தேன்."

அத்தான் "வேற யாரையாவது சொல்வீங்க" என்று சிரித்தார். அவரும் நல்ல மனிதர், "இருக்கும், இருக்கும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். தலையணைக்கு நான் பஞ்சை அளவுக்கு மேல் திணித்துவிட்டேன். அவர் கழுத்து என்ன ஆனதோ.

கை தூக்கியதைக்கூட விட்டுவிடுகிறேன். நமக்கு அப்பா அம்மா இல்லை. எனக்குக் கூடப் பிறந்தவன் நீ ஒருத்தன். 'யாரும் இல்லை' என்று எந்த வாயால் சொன்னாய்? அதை மட்டும் எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 3
மேல்கரை

அக்கா,

எழுதுகிறேன். கேட்கச் சகிக்காது, இருந்தாலும் எழுதுகிறேன்.

இருக்கிறாள் என்று சொன்னால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். வெளியே போய்விட்டால் உனக்காகப் பேச ஆள் இருக்காது. ஆகவே உனக்காகப் பேசுவதற்காக, நீ இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது அது ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

பிறகு பேச வேண்டிய நேரம் வந்தது. நீ எழுதியிருந்த வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது. 'முதலில் ஓடையைத் தூர்வாருங்கள்.' ஒரு மூச்சுதான். ஆனால் கீழ்க்கரையில் யாருமே இல்லாத மனிதன் குளியல் தொட்டி கிடப்பதை எப்படி அறிவான்? ஏன் கவலைப்படுகிறான்? யாராவது திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேன். பயந்தவன் பேசாமலாவது இருந்திருக்கலாம். கை தூக்காதவன் நான் ஒருவன் என்றால் அதுவும் சந்தேகம்தானே என்று தோன்றியது. நடுநிலையாக இருக்கிறேன் என்று காட்டுவதற்காக எல்லோருக்கும் முன்னால் தூக்கினேன்.

நீ தெருவைப் போகவிடாமல் தடுத்தாய் என்று ஜூன் மாதமே தெரியும். போகச் சொல்லவா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம் என்று எழுதினேன். நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள் என்று நீ எழுதியது எனக்கும் பெருமையாக இருந்தது. தெரு வந்து பேசினால் நான் எதற்கு என்று ஆகிவிடுமே.

ஏரி நன்றாக வேண்டும் என்று நான் விரும்பியதும் உண்மை. அதை இங்கே சொல்வது தப்பிப்பதற்காகத்தான் என்பதும் உண்மை.

மழைக்கு முன் பஞ்சு மூட்டைகளை என் மாடி அறைக்குக் கொண்டுவந்து விடு. வண்டி நான் அனுப்புகிறேன். அறையை ஒழித்து வைத்துவிட்டேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 19
கீழ்க்கரை

பெறுநர்: மதிப்பிற்குரிய உறுப்பினர் அவர்கள், ஏரி நீர்த் தர மேம்பாடு மற்றும் மழைநீர் மேலாண்மைத் திட்டக் குழு

ஐயா,

முந்தாநாள் பெய்த முதல் மழையில் தங்கள் குழுவின் தீர்மானப்படி மதகு மூடப்பட்டது. எண்ணெய் நன்றாகப் போட்டிருந்தார்கள் போலிருக்கிறது, சத்தமே இல்லாமல் மூடியது. ஓடை நிரம்பி எங்கள் தெருவின் பின்கட்டுகளில் தண்ணீர் புகுந்தது. கறுப்புத் தண்ணீர். பூட்டுக்காரர் வீட்டில் கட்டில் உயரம். டெய்லர் பெண்ணின் மெஷின் மோட்டார் போய்விட்டது. மெத்தைக் கடையில் மேலே ஏற்றியது போக மீதிப் பஞ்சு முழுவதும் நனைந்தது.

ஏரியில் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கலக்கவில்லை என்பதைத் தங்கள் பரிசோதனைக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் மாடி அறை பற்றி: அறிமுகம் இல்லாதவர்களின் வீட்டில் நாங்கள் பொருள் வைப்பதில்லை.

இப்படிக்கு,
கீழ்க்கரைக் குடியிருப்பாளர்

*

செப்டம்பர் 2
மேல்கரை

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளத்துக்குப் பிறகு ஒருநாள் உன் கடைக்கு வந்தேன் அல்லவா, அதைப் பற்றி எழுத வேண்டும்.

தெருவில் எல்லோரும் மெத்தைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். உன் கடைக்குள் வெள்ளையாக இருந்ததெல்லாம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அத்தான் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அவர் ஒரு கிண்டல்கூடச் செய்யாமல் போய் நான் பார்த்ததில்லை. என்னை அதற்கு முன் பார்த்திராத பூட்டுக்காரர் உன்னைக் கேட்டார், "யாரும்மா இவரு?"

நீ துடைப்பத்தை நிறுத்தாமல் சொன்னாய்: "ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க. தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு அளக்கறதுக்கு."

என் பையில் டேப் இருந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அளந்தேன். பூட்டுக்காரர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் திருப்பிச் சொன்னாய். ஆனால் டேப்பைச் சுருட்டாமல் கையில் பிடித்தபடியே வீடு வந்து சேர்ந்தேன்.

நேற்றுக் குழு கூடியது. டாக்டர் வழக்கம்போல மேசையைச் சுற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் எழுந்து நின்றேன்.

"இருக்காங்க சார். என் அக்கா. அந்தத் தெருவுல மெத்தைக் கடை. தண்ணி அவங்க வீட்டுக்குள்ளதான் போச்சு."

"கூடப் பிறந்த அக்காவா?"

"ஆமா சார்."

"அப்போ அன்னிக்கு இல்லைன்னீங்களே?"

"சொன்னா வெளிய அனுப்பிடுவீங்க. உள்ள இருக்கணும்னுதான் சார்."

"சரி, உள்ள இருந்து என்ன பண்ணீங்க?"

கண் டாக்டர் அல்லவா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நேராகப் பார்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, அவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

பிறகு சட்ட ஆலோசகர் விளக்கினார். வேண்டியவர் இருப்பதை மறைத்து ஒருவர் வாக்களித்திருந்தால் குழு விதிப்படி அந்தத் தீர்மானமே செல்லாது. மதகு திறந்தே இருக்க வேண்டும். கருத்துக் கேட்பை மறுபடியும் முதலிலிருந்து நடத்த வேண்டும். அதாவது அக்கா, நான் யோக்கியமாக நடந்திருந்தால் அந்தத் தீர்மானம் இன்றைக்கும் செல்லும். இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று ஒரு ராத்திரி முழுக்க முயன்று பார்த்தேன். முடியவில்லை. பஞ்சு நனைந்தது நனைந்ததுதான்.

என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அலுவலகத்தில் விசாரணை இருக்கும். என் மனைவி, "கெட்ட நாத்தம் போகும்னு நினைச்சேன், இப்ப நம்ம வீட்டுலயே வருது" என்றாள். அவளும் நேற்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை.

கருத்துக் கேட்பு செப்டம்பர் பதினெட்டு. இந்தத் தடவை எல்லோரும் வாருங்கள். பூட்டுக்காரரைப் பேசச் சொல். நான் உங்களுக்காக எதுவும் பேச மாட்டேன். இப்போது என்னால் செய்ய முடிந்த பெரிய உதவி அதுதான்.

தம்பி

*

செப்டம்பர் 21
கீழ்க்கரை

தம்பிக்கு,

போனோம். தெருவே போனது. பூட்டுக்காரர் ஒத்திகை பார்த்ததெல்லாம் மேடையில் மறந்துவிட்டது. தண்ணீர் எதுவரை வந்தது என்று தன் தொடையில் கை வைத்துக் காட்டிவிட்டு இறங்கிவிட்டார். அதுவே போதுமானதாக இருந்தது. டெய்லர் பெண் பேசினாள். நானும் பேசினேன். மேடைப் படி ஏறத்தான் முழங்கால் தகராறு செய்தது.

தூர்வாரி முடிக்கும்வரை மதகைத் தொடக்கூடாது என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை ஏரி பச்சையாகத்தான் இருக்கும். தொப்பிக்காரர்கள் எங்களை முறைத்தார்கள். அவர்கள் மூக்கும் மூக்குதானே, எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. நீ எட்டாம் பக்கத்தில் எழுதியது நல்ல விஷயம். அதைச் சொல்லாமல் விடக் கூடாது என்று சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தெருவைப் போகாதே என்று நிறுத்தியவள் நான். நீ அங்கே பொய் சொன்னாய், நான் இங்கே பெருமை அடித்தேன். டெய்லர் பெண் இப்போதும் எனக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறாள். உட்கார முடியவில்லை, அவசர வேலை இருக்கிற மாதிரி நின்றுகொண்டே பேசிவிட்டு வந்துவிடுகிறேன்.

கூட்டம் முடிந்து திரும்பும்போது பூட்டுக்காரர் சொன்னார், "அன்னிக்கு டேப் வெச்சு அளந்துட்டுப் போனாரே ஒருத்தர், அவரைக் கமிட்டியிலேர்ந்து தூக்கிட்டாங்களாமே. இந்தப் பக்கம் அவருக்கு யாரோ அக்கா இருக்காங்களாம். அதை மறைச்சுட்டாராம். யாருன்னு கமிட்டியில இருக்கற உங்க தம்பியைக் கேளுங்களேன்."

"அப்படியா" என்றேன்.

அவ்வளவுதான் தம்பி. 'நான்தான்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். தெரு மொத்தமும் கூட நடந்து வந்துகொண்டிருந்தது. வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். "குடும்பத்துக்கே இந்த வியாதி இருக்கு" என்றார். அவர் கிண்டல் செய்ய ஆரம்பித்துவிட்டார், அது வரைக்கும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை நனைந்த பஞ்சையெல்லாம் வாசலில் கொட்டிப் பிரிக்கப் போகிறோம். தேறுவது தேறட்டும். கை போதாது. வா. இருட்டிய பிறகு வராதே, பின்பக்கமாகவும் வராதே. காலையில் தெருவில் எல்லோரும் நிற்கிற நேரமாகப் பார்த்து, முன்வாசல் வழியாக வா. பூட்டுக்காரர் யாரென்று கேட்பார்.

சொல்கிறேன்.

உன் அக்கா